இலவச வீடியோவுக்கு இப்போது காசு கேட்டால் குற்றமா?

கேள்வி: நான்கு வருடமாகத் திருகோணமலைக் கடற்கரை வாழ்க்கையை யூடியூபில் போட்டுவருகிறேன்: கரைவலை, கருவாடு, நிலாவெளி, கன்னியா. எல்லாம் இலவசம். "இந்தச் சனல் ஒருநாளும் காசுக்கு இல்லை" என்று ஒரு வீடியோவில் சொல்லியும் இருக்கிறேன். ட்ரோன் வாங்கவென்று வெளிநாட்டு ரசிகர்கள் சிலர் காசு அனுப்பினார்கள். வருமானம் போதாமல், முழு வீடியோக்களை மாதம் 500 ரூபாய் கட்டுபவர்களின் ரெலிகிராம் குழுவில் மட்டும் போடத் தொடங்கினேன். அன்றிலிருந்து ஏச்சுத்தான். கனடாவிலிருந்து ஒரு அண்ணை, "நாங்கள் தந்த ட்ரோனில எடுத்துப்போட்டு எங்களிட்டயே காசு கேக்கிறியோ? காசைத் திருப்பி அனுப்பு" என்கிறார். இன்னொருவர் குழுவில் சேர்ந்து வீடியோக்களை இறக்கித் தன் முகநூல் பக்கத்தில் போடுகிறார். வேறொருவர் என் வீட்டுப் படத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் போட்டு, "நேரில போய்க் கேளுங்கோ" என்று எழுதியிருக்கிறார். நான் என்ன செய்யலாம்?
— உப்புவெளி வாசகர்

பதில்: உங்கள் வீடியோவுக்கு விலை வைப்பது உங்கள் உரிமை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எங்கும் பதியாமலே பதிப்புரிமை உங்களுக்கு உண்டு. நான்கு வருடம் சும்மா பார்த்தவருக்கு ஐந்தாம் வருடமும் பார்க்கும் உரிமை தானாக வந்துவிடாது.

அதேபோல, உங்களைத் திட்டுவதும் பொதுவாகக் குற்றமல்ல. அவதூறு 2002 இலேயே நமது குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். ஆனால் "பேராசைக்காரன்" என்ற ஒரு சொல்லுக்காக வழக்குப் பேசுவது வீண்செலவு. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் வாட்சர் என்ற யூடியூப் வீடியோக் குழு, யூடியூபை விட்டு மாதம் 5.99 டொலர் கட்டணத் தளத்துக்குப் போவதாக அறிவித்தது. ரசிகர்கள் கொதித்தெழ, சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. எந்த நீதிமன்றமும் அவர்களைப் பணிக்கவில்லை. சந்தாவை நிறுத்துவதும் சத்தம் போடுவதும் ரசிகரின் கையில் உள்ளவை. அதை நீங்கள் தாங்கித்தான் ஆகவேண்டும்.

சிக்கல் கனடா அண்ணையிடம்தான் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், பதிலுக்கு ஒன்றும் பெறாமல் கொடுத்த வாக்கு பொதுவாகக் கட்டுப்படுத்தாது. ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் நமது ரோமன்-டச்சுச் சட்டம் அப்படியல்ல. கட்டுப்படும் எண்ணத்தோடு கொடுத்த வாக்கு, பதிலுக்கு எதுவும் வாங்காவிட்டாலும் ஒப்பந்தமாகலாம். ஆகவே "வீடியோவில் சும்மா சொன்னதுதானே" என்று தட்டிக்கழிக்க வேண்டாம். உலகத்துக்கே உற்சாகத்தில் சொன்ன ஒரு வசனத்தை ஒப்பந்தமாக நீதிமன்றம் ஏற்பது கடினம் என்பதுதான் என் கணிப்பு. ஆனால் அவரோடு தனியாக வட்ஸ்அப்பில் என்ன எழுதினீர்கள்? "ட்ரோனுக்கு என்ர சின்ன அன்பளிப்பு" என்று அவர் எழுதியிருந்தால் அது நன்கொடை. கொடுத்தவர் கோபம் வந்ததற்காகத் திருப்பிக் கேட்க முடியாது. "உதவி செய்தவைக்கு எப்பவும் இலவசம்" என்று நீங்கள் எழுதியிருந்தால் கதை வேறு: பணத்தைக் கேட்க முடியாவிட்டாலும், அந்த இலவசத்தை அவர் கேட்கலாம். ட்ரோன் வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் காசு வேறு செலவுக்குப் போயிருந்தால் மோசடி முறைப்பாடு வரை போகக்கூடும்.

என்னைக் கேட்டால், காசு அனுப்பியவர்கள் எல்லோரையும் இன்றே குழுவில் இலவசமாகச் சேர்த்துவிடுங்கள். சட்டத்தரணியின் ஒரு கடிதத்துக்கு ஆகும் செலவைவிட அது மலிவு.

வீடியோவை இறக்கிப் போடுபவர் விடயத்தில் தயக்கம் வேண்டாம். முதலில் முகநூலுக்கே பதிப்புரிமை முறைப்பாடு கொடுங்கள். பெரும்பாலும் அதுவே வேகமான வழி. தெரிந்தே மீறுவது குற்றம்: நீதவான் நீதிமன்றம் 500,000 ரூபாய் வரை தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நட்டஈட்டு வழக்கென்றால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம். அவ்வளவு தூரம் அலைய இது பெறுமதியா என்று யோசியுங்கள். இன்னொன்று: உங்கள் வீடியோக்களின் பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடுகிறதா? ஓடினால், அனுமதியில்லாமல் எடுத்தவர் பட்டியலில் நீங்களும் இருக்கிறீர்கள்.

வீட்டுப் படமும் இலக்கமும்தான் அவசரம். பதிவு, அதன் இணைப்பு, திகதி, கீழே வந்த கருத்துகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். துன்புறுத்தும் நோக்கில் ஒருவரின் அந்தரங்கத் தகவலை வெளியிடுவது 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் குற்றம். கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் சட்டம் என்று அதைப் பலர் எதிர்ப்பது நியாயமே. ஆனால் இந்த இடத்தில் அது பொருந்தும். யாராவது அடிப்பேன், கொளுத்துவேன் என்று எழுதியிருந்தால் தண்டனைச் சட்டக் கோவையின் குற்றமுறையான பயமுறுத்தலும் சேரும். திட்டியவர்களையும் இதே முறைப்பாட்டில் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள்; உண்மையான குற்றம் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும்.

பழைய வீடியோக்களை இலவசமாகவே விட்டுவையுங்கள். 500 ரூபாய்க்கு மாதம் எத்தனை வீடியோ, எப்போது விலகலாம் என்பதைக் குழுவில் எழுதிப் போடுங்கள். இல்லையென்றால் நாளை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் பதில் சொல்ல வேண்டி வரலாம். அந்த "ஒருநாளும் காசுக்கு இல்லை" வீடியோவை மட்டும் அழிக்காதீர்கள். யாராவது ஒருவர் அதை ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பார். நீங்கள் அழித்ததையே உங்களுக்கு எதிரான சாட்சியாக்குவார்.