ஃப்ரிட்ஜில் இருக்கும் ஊசிப் பேனாவைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: நான் ஈரோடு மாவட்டத்தில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 36. இரண்டாவது குழந்தைக்குப் பிறகு எடை 91 கிலோ ஆகிவிட்டது. கோவையில் ஒரு எடைக் குறைப்பு மையத்தில் வாரம் ஒரு ஊசி போட்டால் 12 வாரத்தில் 10 கிலோ குறையும் என்றார்கள். 48,000 ரூபாயை ஜிபேயில் கட்டினேன். பில் கேட்டும் தரவில்லை. டாக்டர் யாரும் என்னைப் பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண்தான் ஊசி போட்டார். செமாகுளுடைடு என்று பெயர் சொன்னார்கள். 5வது வாரம் ஓயாத வாந்தி, முதுகு வரை பாயும் வயிற்றுவலி. கணைய அழற்சி என்று ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தேன். செலவு 1,37,000 ரூபாய். 'எடைக் குறைப்புச் சிகிச்சை' என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுத்துவிட்டது. மையத்தில் கேட்டால், "எல்லாத்துக்கும் நானே பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்கிறார்கள். புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் 20,000 தருவார்களாம். வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று வீட்டில் தடுக்கிறார்கள். சீட்டு இல்லாமல் ஊசி போட்டுக்கொண்டதற்கு என் மேலும் கேஸ் வருமா? அந்த மருந்து அடைத்த, பிரிக்காத ஊசிப் பேனா ஒன்று ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அதைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்:

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தூக்கிப் போடாதீர்கள். உங்களிடம் பில் இல்லை, மருந்துச் சீட்டும் இல்லை. உங்கள் உடம்புக்குள் என்ன போனது என்பதற்கு இப்போது மிச்சம் இருக்கும் நேரடிச் சாட்சி அந்தப் பேனாதான். ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருந்தால் உள்தட்டுக்கு மாற்றுங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், உறைந்தால் மருந்து கெட்டுவிடும். பிரிக்காத பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். காலியான பேனா, அட்டைப் பெட்டி, உள்ளே இருந்த தாள், எது மிஞ்சியிருந்தாலும் ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் மேல் கேஸ் வராது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் மருந்தைத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், இருப்பு வைப்பவர், விற்பவர், வினியோகிப்பவர் ஆகியோரைத்தான் பிடிக்கின்றன. நோயாளியை அல்ல. இந்தப் பயத்திலேயே நிறையப் பேர் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். நீங்கள் பாதிக்கப்பட்டவர். அந்த நிலையில் நின்றே பேசுங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியில் அரபு எழுத்து இருக்கிறது. ரூபாயில் அச்சிட்ட விலை இல்லை. இறக்குமதியாளரின் பெயர், முகவரி, இறக்குமதி உரிம எண் எதுவும் இல்லை. இந்தியாவில் சட்டப்படி விற்பனைக்கு வரும் வெளிநாட்டு மருந்தில் இவை இருந்தாக வேண்டும். இதை வைத்து மட்டும் போலி மருந்து என்று நான் சொல்லமாட்டேன். வளைகுடா நாட்டில் வாங்கி யாரோ பெட்டியில் கொண்டுவந்த அசல் சரக்காகவும் இருக்கலாம். சொந்த உபயோகத்துக்கென்று பயணி ஒருவர் கொஞ்சம் மருந்து கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதை இங்கே விற்க இடமில்லை. அசலாகவே இருந்தாலும், எத்தனை நாள் எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? செமாகுளுடைடு ஊசியில் போலிகள் பிடிபட்டதாக 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. ஆகவே சந்தேகம் வீண் அல்ல. சோதனைக்கூடம்தான் அதைத் தீர்க்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. மேலே சொன்ன சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, மருந்தை வாங்கிய எவரும் உரிய கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். ஆனால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பேனா. அதனால் முதலில் மருந்து ஆய்வாளரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். மையம் கோவையில் இருப்பதால் புகார் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும், ஒரு நகல் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு. ஆய்வாளர் நேரில் போனால் மையத்தின் இருப்பு, கொள்முதல் பதிவு, மற்ற பேனாக்கள் எல்லாவற்றையும் சோதிக்கலாம், மாதிரி எடுக்கலாம். உங்களாலோ என்னாலோ அது முடியாது.

"போலீஸுக்குப் போகாமல் அங்கே ஏன்?" என்று கேட்பீர்கள். 2020இல் அசோக் குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: மருந்துகள் சட்டத்தின் 4ஆம் அத்தியாயக் குற்றங்களுக்கு (மருந்துத் தயாரிப்பு, விற்பனை, வினியோகம் பற்றியவை) போலீஸ் முதல் தகவல் அறிக்கை போட முடியாது, அது மருந்து ஆய்வாளரின் வேலை. இது தெரியாமல் காவல் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடந்தே ஆறு மாதத்தை இழந்தவர்கள் உண்டு. ஏமாற்றியதற்குப் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318, அஜாக்கிரதையால் காயம் விளைவித்ததற்கு 125 என்று போலீஸ் விசாரிக்கக்கூடிய குற்றங்களும் உங்கள் கதையில் இருக்கின்றன. அவற்றுக்காக ஒரு மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

மையத்தார் ஆய்வாளரிடம் என்ன சொல்வார்கள் என்று இப்போதே ஊகிக்கலாம். "எங்களுக்கு ஒரு டாக்டர் இருக்கிறார், அவர் தன் நோயாளிக்குக் கொடுத்த மருந்துதான் இது" என்பார்கள். பதிவு பெற்ற மருத்துவர் தன் சொந்த நோயாளிக்கு மருந்து கொடுக்க விற்பனை உரிமம் வேண்டாம், உண்மைதான். ஆனால் அந்த விலக்குக்கு நிபந்தனை உண்டு. மருந்தை உரிமம் உள்ளவரிடம் வாங்கியிருக்க வேண்டும், தொகுதி எண்ணோடு கொள்முதல் பதிவு வைத்திருக்க வேண்டும். அரபு எழுத்துப் பெட்டிக்கு அந்தப் பதிவை எங்கிருந்து காட்டுவார்கள்? உங்களைப் பார்க்கவே பார்க்காத மருத்துவருக்கு நீங்கள் எப்படிச் 'சொந்த நோயாளி' ஆவீர்கள்? இந்த இரண்டையும் புகாரிலேயே எழுதிவிடுங்கள். உரிமம் இல்லாமல் விற்றதற்கு 3 முதல் 5 ஆண்டு சிறையும் குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. மருந்து போலி என்றும், அதனால்தான் கொடுங்காயம் நேர்ந்தது என்றும் நிரூபணமானால் தண்டனை 10 ஆண்டிலிருந்து ஆயுள் வரை போகும். குறைந்தது 10 லட்சமான அந்த அபராதம் பாதிக்கப்பட்டவருக்கே போய்ச் சேர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

ஊசி போட்ட பெண் யார், மையத்தின் பலகையில் பெயர் போட்டிருக்கும் டாக்டர் யார் என்பது அடுத்த விஷயம். பதிவு எண் இருந்தால் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். அவர் அசல் மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுங்கள். பதிவே இல்லாதவர் வைத்தியம் பார்த்தால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் இன்னொரு நகல் கொடுத்தால், அந்த மையம் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தில் பதிவானதா என்பதும் தெரிந்துவிடும்.

சரி, பணத்துக்கு வருவோம். நுகர்வோர் ஆணையம்தான் உங்களுக்கான இடம். நீங்கள் கட்டிய தொகை 48,000 என்பதால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. மையம் கோவையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கட்டிய 48,000, மருத்துவமனைச் செலவு, சம்பளம் இழந்த நாட்கள், பட்ட வேதனைக்கு ஒரு தொகை என எல்லாவற்றையும் கேளுங்கள். பில் தர மறுத்ததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைதான். மூன்று மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, சோதனைக்கூட அறிக்கை தேவைப்பட்டால் ஐந்து மாதம். நடைமுறையில் இன்னும் இழுக்கும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பியதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது பேனா கூட அல்ல, ஒரு வாட்ஸப் செய்தி. "மேடம் இந்த வாரம் 1 வச்சிடலாம், சீக்கிரம் ரிசல்ட் வரும்." இது இரண்டாவது வாரம் வந்திருக்கிறது. செமாகுளுடைடு ஊசியை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரம் கழித்து 0.5 என்று படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும் என்று மருந்தின் தாளே சொல்கிறது. குடல் பழகுவதற்காகத்தான் அந்த நிதானம். இவர்கள் 0.25இலிருந்து 1 மில்லிகிராமுக்கு, ஒரே வாரத்தில் நான்கு மடங்கு ஏற்றியிருக்கிறார்கள், அதை எழுத்திலும் கொடுத்திருக்கிறார்கள். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், வழக்கு முடியும்வரை அந்த ஃபோனை மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழும் இணைக்க வேண்டும், வழக்கறிஞர் தயாரித்துத் தருவார். ஜிபே பரிவர்த்தனைக்கு வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்து வையுங்கள்.

ஒரு பலவீனமும் இருக்கிறது. 2022இல் எடுத்த ஸ்கேனில் உங்களுக்குப் பித்தப்பைக் கல் இருந்ததாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பித்தக்கல்லே கணைய அழற்சியை உண்டாக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே அதைத்தான் தூக்குவார். ஆகவே அதை மறைக்க வேண்டாம், நாமே முதலில் சொல்லிவிடுவோம். கணைய அழற்சியும் பித்தப்பைக் கோளாறும் இந்த ஊசியின் எச்சரிக்கைப் பட்டியலில் இருப்பவை. ஊசிக்கு முன்னால் ஒரு மருத்துவர் உட்காரவைத்து விசாரித்திருந்தால் பித்தக்கல் விவரம் அப்போதே தெரிந்திருக்கும். அவர்கள் கேட்கவே இல்லை. நமது வாதம் அங்கே நிற்கிறது. உங்களைக் காப்பாற்றிய மருத்துவமனையில் முழு கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி. சேர்த்தபோது நீங்கள் ஊசியைப் பற்றிச் சொன்னது அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் சேர்த்து எழுதித் தரும்படி கேட்கலாம். ஊசியால்தான் வந்தது என்று எழுதச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள். அது அவர் முடிவு.

கையெழுத்துப் போட்ட அந்தத் தாளுக்குப் பயப்படாதீர்கள். சம்மதம் என்றால் என்ன மருந்து, என்ன ஆபத்து, வேறு என்ன வழி என்று தெரிந்துகொண்டு கொடுப்பதுதான் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ரிசப்ஷனில் நின்றபடி, பெயர் எழுதும் பாரத்தோடு சேர்த்து நீட்டிய தாளில் போட்ட கையெழுத்து அப்படிப்பட்ட சம்மதம் ஆகாது. கவனக்குறைவுக்கு அது முன்கூட்டியே மன்னிப்புச் சீட்டும் இல்லை. ஆனால் இப்போது 20,000 வாங்கிக்கொண்டு 'முழுமையான இறுதித் தீர்வு' என்று கையெழுத்துப் போட்டால் அது வேறு கதை. விவரம் தெரிந்தே போட்டது என்பார்கள், நுகர்வோர் வழக்கு அங்கேயே தடுக்கி விழும். போடாதீர்கள்.

இன்சூரன்ஸ் மறுப்பை அப்படியே விட வேண்டாம். மறுப்புக் கடிதத்தில் காட்டியிருக்கும் எக்ஸ்க்ளூஷன் 06 (பாலிசி பணம் தராத செலவுகளில் ஒன்று) என்பது உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைச் செலவைப் பற்றியது. உங்களுக்கு நடந்தது அறுவை சிகிச்சையும் அல்ல, எடைக் குறைப்பும் அல்ல. உயிருக்கு ஆபத்தான கணைய அழற்சிக்கு உள்நோயாளிச் சிகிச்சை. இதை எழுதி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார். ஆகவே நுகர்வோர் வழக்கில் இன்சூரன்ஸ் நிறுவனத்தை இப்போது சேர்க்காதீர்கள்.

வீட்டில் சொல்வதைப் பற்றி. உடல் பருமனுக்கு மருந்து தேடுவதில் அசிங்கம் எதுவும் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மருந்து தேடுவதைப் போலத்தான் அதுவும். இதே வகை மருந்துகளை முறையாக, மருத்துவர் சீட்டோடு எடுத்துப் பலன் பெறுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். உங்களைப் போலவே முன்பணம் கட்டிவிட்டு அடுத்த வாரத்து ஊசிக்குக் காத்திருப்பவர்களும் அந்த மையத்தில் இருப்பார்கள். அவர்களை நினைத்தாவது உங்களை மருந்து ஆய்வாளரிடம் போகவிடும்படி உங்கள் வீட்டாரிடம் கேட்டுக்கொள்கிறேன். மையத்தின் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதுவதை மட்டும் தள்ளி வையுங்கள், அவதூறு நோட்டீஸ் அனுப்பி அலைக்கழிப்பார்கள். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு உங்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை நியமிக்கும். நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள், அல்லது 15100ஐ அழையுங்கள். பக்கவிளைவை மருந்துப் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் அரசுத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் பதிவு செய்துவிடுங்கள், நோயாளியே சொல்லலாம்.

இந்த வாரமே புறப்படுங்கள். பேனாவை ஐஸ் பேக்கோடு ஒரு சின்ன டப்பாவில் வைத்து, ஐஸ் நேரடியாகப் படாமல் துணி சுற்றி எடுத்துப் போங்கள். எடுக்கும் முன் தொகுதி எண் தெரிய நாலாபக்கமும் படம் எடுங்கள். ஆய்வாளர் அதை வாங்கிக்கொண்டால் தொகுதி எண், தேதி, கையெழுத்து, முத்திரையோடு ஒப்புகை கேளுங்கள். அது கைக்கு வரும்வரை பேனாவைக் கொடுக்காதீர்கள்.