கொம்புத் தலைப்பாகையும் உலோக வில்லையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நமீபியாவின் ஒகஹன்ஜா நகரில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஹெரெரோ மக்கள் நடத்தும் ஊர்வலத்தின் படங்களைப் பார்த்தேன். ஆண்கள் ஜெர்மன் ராணுவச் சீருடை போன்ற ஒன்றை அணிந்து அணிவகுக்கிறார்கள். பெண்கள் கொளுத்தும் வெயிலில் தரையைத் தொடும் பழைய ஐரோப்பிய கவுன் போட்டிருக்கிறார்கள். தங்களை அழித்தவர்களின் உடையை ஒரு மக்கள் கூட்டம் இவ்வளவு பெருமையாக அணிவது எப்படி? இது அடிமை மனநிலை இல்லையா? 1904-ல் நடந்த போர் இன்றும் அவர்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்கிறார்களே, அது மிகைப்படுத்தலா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒரு காலப்பிழையைத் திருத்திவிடுகிறேன். பெண்கள் அணியும் அந்த நீள உடை, ஒஹோரோகோவா, போருக்கு அரை நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. 1844-ல் ஹெரெரோ நாட்டுக்கு வந்தவர், ரைனிஷ் மிஷன் என்ற ஜெர்மன் கிறிஸ்தவ அமைப்பின் பாதிரியார் ஹூகோ ஹான். அவருடைய மனைவி எம்மா ஹான் அங்கே பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்தார். மிஷன் வளாகத்துக்குள் தோலாடையோடு வருவதை அவர்கள் விரும்பவில்லை. உடை மாறியது, ஆனால் தலையைக் கவனியுங்கள். அதற்கு முன் மணமான பெண்கள் மூன்று கூர்முனைகள் கொண்ட எகோரி என்ற தோல் தலையணி அணிந்தார்கள். அதன் இடத்துக்கு வந்த துணித் தலைப்பாகையான ஒட்ஜிகைவா, இரண்டு பக்கமும் மாட்டுக்கொம்பு போல நீண்டு நிற்கிறது. ஒரு உடைக்குப் பத்து மீட்டர் வரை துணி பிடிக்கும், உள்ளே அடுக்கடுக்காகப் பாவாடைகள். அதை உடுத்தியவர் மெதுவாக அசைந்துதான் நடக்க முடியும், பசுவின் நடை போல. பாதிரியார் வீட்டுக் கவுனை இந்தப் பெண்கள் மாட்டுக்கு உரியதாக மாற்றிக்கொண்டார்கள்.

ஹெரெரோக்களுக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் உடையை விட்டுவிட்டு மாட்டைப் பின்தொடர வேண்டும்.

ஒவ்வொரு ஹெரெரோவும் இரண்டு வழிகளில் பிறக்கிறார். தந்தை வழி ஒருசோ, தாய் வழி எஆண்டா. எங்கே குடியிருப்பது, எந்த நிற மாட்டின் இறைச்சி விலக்கு, முன்னோர்களோடு பேசும் புனித நெருப்பான ஒகுருவோவை யார் காப்பது, இவை எல்லாம் தந்தை வழி. அந்த நெருப்பு மூத்தவர் வீட்டுக்கும் மாட்டுப்பட்டி வாசலுக்கும் நடுவில் இருக்கும். புனித மாடுகள் தந்தை வழியிலேயே இறங்கும். மற்ற மாடுகள், அதாவது மந்தையின் பெரும்பகுதி, தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். இதற்கு மேல் இரவல் முறை ஒன்று உண்டு. செல்வர் தன் மாடுகளை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார். உறவினரிடமும் அண்டி வாழ்பவரிடமும் பிரித்து விடுவார். மேய்ப்பவருக்குப் பால், உரிமை மட்டும் கொடுத்தவருக்கு. ஓரிடத்தில் மழை பொய்த்தாலும் நோய் வந்தாலும் எல்லாம் போய்விடாது என்பது இதன் பொருளாதாரம். ஆக ஒரு பசுவைச் சுற்றி நான்கைந்து பேருக்கு உரிமையும் கடமையும் இருக்கும். மாடு போனால் அந்த உறவுகளுக்குப் பிடிமானம் போய்விடும்.

முதல் அடி ஜெர்மானியர் கையிலிருந்து விழவில்லை. 1897-ல் ரிண்டர்பெஸ்ட் என்ற வெக்கை நோய் மந்தைகளின் பெரும்பகுதியைக் கொன்றது. இரவல் முறை உள்ளூர் வறட்சிக்குத்தான் பாதுகாப்பு, நாடு முழுக்கப் பரவும் கொள்ளைநோய்க்கு அதனிடம் பதில் இல்லை. மாடில்லாதவர்கள் வியாபாரிகளிடம் கடனுக்கு வாங்கினார்கள். தலைவர்கள் கடனை அடைக்க நிலத்தை விற்றார்கள். 1903-ல், அப்போது நாட்டை ஆண்ட ஜெர்மன் காலனி அரசு ஒரு கடன் ஆணை போட்டது: ஓராண்டுக்குள் வசூலிக்காத கடன் செல்லாது. கடன்பட்டவரைக் காப்பதாகச் சொல்லி வந்த ஆணை நேர்மாறான வேலையைச் செய்தது. கெடு முடியும் முன் வியாபாரிகள் பட்டிகளுக்குள் புகுந்து, மதிப்பையும் அவர்களே போட்டு, மீந்திருந்த மாடுகளை ஓட்டிப் போனார்கள். 1904 ஜனவரி 12 அன்று ஒகஹன்ஜாவில் போர் மூண்டது. தலைவர் சாமுவேல் மஹாரெரோ பெண்கள், குழந்தைகள், பாதிரியார்கள், ஆங்கிலேயர், போயர்கள் மீது கை வைக்கக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தார். அது பெரும்பாலும் கடைப்பிடிக்கவும் பட்டது.

ஆளுநர் லாய்ட்வைன் பேசி முடிக்கப் பார்த்தார். பெர்லின் அவரை ஒதுக்கிவிட்டு தளபதி லோதார் ஃபான் ட்ரோதாவை அனுப்பியது. ஆகஸ்ட் 11 அன்று வாட்டர்பெர்க் மலையடியில், ஒஹமகாரியில் சண்டை. மக்கள் குடும்பம் குடும்பமாக மந்தையோடு தென்கிழக்கே தப்பி ஓமாஹெக்கேக்குள் போனார்கள்.

இந்த ஓமாஹெக்கேயைப் பாலைவனம் என்று எழுதிவிட்டுக் கடந்து போவது வழக்கம். அப்படி எழுதினால் கொலை நடந்த விதமே தெரியாமல் போகும். அது மணல்மேடுகள் நிறைந்த பாலை அல்ல. முள்மரமும் புல்லும் உள்ள மணற்காடு, மழைக்குப் பின் நல்ல மேய்ச்சல் நிலம். மணல் மழைநீரை உறிஞ்சிவிடும் என்பதால் மேல்மட்டத்தில் தண்ணீர் நிற்காது. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, மழை வருமுன், கையால் தோண்டிய சில கிணறுகள் மட்டுமே கதி. வெயில் நாளில் ஒரு பசுவுக்கு 30 முதல் 50 லிட்டர் வேண்டும். ஆயிரம் மாடு என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 40,000 லிட்டர். ஊறி ஊறிச் சேரும் மணற்கிணறு இதைத் தராது. மாடு தண்ணீரில்லாமல் நின்றால் பால் வற்றும். பால்தான் குழந்தைகளின் உணவு, வறண்ட நிலத்தில் அதுவே அவர்களின் தண்ணீரும்கூட. ஆகவே கிணற்றைப் பிடித்தால் போதும், மீதி தானாக நடக்கும். ஜெர்மன் படை கிணறுகளைப் பிடித்து, மேற்கு ஓரத்தில் சுமார் 250 கிலோமீட்டருக்குக் காவல் வரிசை போட்டது. பின்னால் வந்த ரோந்துகள், தண்ணீர் தேடி ஆழமாகத் தோண்டிய வறண்ட குழிகளைச் சுற்றி எலும்புகளைக் கண்டன. ஜெர்மன் ராணுவத் தலைமையகம் வெளியிட்ட அதிகாரபூர்வ வரலாறே, ஆயுதம் தொடங்கியதைத் தண்ணீரற்ற ஓமாஹெக்கே முடித்துவைக்கும் என்ற கருத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்கிறது.

அக்டோபர் 2-ல் ட்ரோதாவின் ஆணை வந்தது: துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லைக்குள் காணப்படும் ஒவ்வொரு ஹெரெரோவும் சுடப்படுவார், பெண்களையும் குழந்தைகளையும் ஏற்க மாட்டேன், திருப்பி விரட்டுவேன் அல்லது அவர்கள் மீது சுடச் சொல்வேன். டிசம்பரில் பெர்லின் அதைத் திரும்பப் பெற்றது. அடுத்து வந்தவை சிறைமுகாம்கள். அவற்றில் ராணுவத்தின் சொந்தக் கணக்கே, 1904 அக்டோபர் முதல் 1907 மார்ச் வரை 7,682 பேர் இறந்ததாகச் சொல்கிறது. அடைக்கப்பட்டவர்கள் சுமார் 15,000 ஹெரெரோக்களும் 2,000 நாமா மக்களும். அதாவது ஏறக்குறைய பாதிப்பேர். பாலிலும் இறைச்சியிலும் வளர்ந்தவர்களுக்குச் சமைக்கப் பாத்திரம்கூட இல்லாமல் அரிசியைக் கொடுத்தார்கள். வேகாத அரிசி வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்தது, உணவில் வேறெதுவும் இல்லாததால் ஸ்கர்வி என்ற வைட்டமின் பற்றாக்குறை நோய் வந்தது. ல்யூடெரிட்ஸ் துறைமுகத்தின் ஷார்க் தீவில் அட்லாண்டிக் குளிர்காற்றும் சேர்ந்துகொண்டது. தெற்கில் ஹெண்ட்ரிக் விட்போயி தலைமையில் எழுந்த நாமாக்களில் அந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் அங்கேயே மடிந்தார்கள். இறந்தவர்களின் மண்டையோடுகள் இன ஆராய்ச்சி என்ற பெயரில் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் சில 2011, 2014, 2018 ஆண்டுகளில்தான் திரும்பி வந்தன.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. போருக்கு முன் யாரும் மக்கள்தொகையை எண்ணவில்லை. 60,000 முதல் 1,00,000 வரை மதிப்பீடுகள் உண்டு, பலர் 80,000 என்பார்கள். 1911-ல் காலனிக்குள் எஞ்சியவர்கள் சுமார் 15,000. இனப்படுகொலையை மறுப்பவர்கள் முதல் எண்ணின் தெளிவின்மையில்தான் தொங்குகிறார்கள். இவற்றில் குறைந்த மதிப்பீட்டை எடுத்து, பெச்சுவானாலாந்துக்கு, அதாவது இன்றைய போட்ஸ்வானாவுக்குத் தப்பியவர்களையும் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் பாதிக்கு மேற்பட்ட மக்கள் இல்லாமல் போயிருக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கான பதில் போர்க்களத்தைவிட 1907 ஆகஸ்டில் வந்த ஆணைகளில் இருக்கிறது. இவற்றை மக்கள் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். நிலத்தையும் பொதுச் சொத்தையும் அதற்கு முன்பே, 1905 டிசம்பரில் வந்த ஆணையின் கீழ், பறிமுதல் செய்தாயிற்று. இப்போது ஏழு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆப்பிரிக்கரும் எண் பொறித்த உலோக வில்லை ஒன்றை அணிந்திருக்க வேண்டும். எந்த வெள்ளையரும் நிறுத்திக் கேட்கலாம். ஆளுநர் அனுமதியில்லாமல் மாடோ குதிரையோ வைத்திருக்கக் கூடாது. ஒரு பண்ணையில் பத்துக் குடும்பங்களுக்கு மேல் சேர்ந்து குடியிருக்கக் கூடாது. பிழைப்புக்கு வழி காட்ட முடியாதவர் நாடோடிக் குற்றவாளி.

ஒவ்வொரு விதியையும் தனியே பார்த்தால் காலனி நிர்வாகத்தின் வழக்கமான கொடுமையாகத் தெரியும். சேர்த்துப் பாருங்கள். மாடு இல்லையென்றால் பால் இல்லை, பால் இல்லையென்றால் கூலிக்குப் போயாக வேண்டும், போகாதவருக்குத் தண்டனை, ஓடினால் வில்லையின் எண் காட்டிக்கொடுக்கும். பத்துக் குடும்ப வரம்பு இருந்ததால் ஒரு ஒருசோவின் மக்கள் ஓரிடத்தில் கூட முடியாது. கூடாத இடத்தில் நெருப்பு எதற்கு? மாமன் இறந்தால் மருமகனுக்குக் கொடுக்க என்ன இருக்கிறது? உடல்கள் பிழைத்திருந்தன, அந்த உடல்களை ஹெரெரோ ஆக்கியிருந்த ஏற்பாட்டைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். முகாம் காலத்தில் அவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவம் தழுவியதையும் இங்கே வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்போது அவர்கள் சேர்ந்து உட்கார அனுமதிக்கப்பட்ட இடம் ஏறக்குறைய அந்த ஒன்றுதான்.

1915-ல் தென்னாப்பிரிக்கப் படை ஜெர்மானியரைத் தோற்கடித்ததும் மக்கள் பண்ணைகளை விட்டு வெளியேறினார்கள், மெல்ல மாடு சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்ததுதான் நீங்கள் படத்தில் பார்த்த சீருடை அணி. படை என்பதற்கான ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த ஒதுருப்பா என்பது அதன் பெயர். பெற்றோரை இழந்த பல சிறுவர்கள் ஜெர்மன் சிப்பாய்களின் எடுபிடிகளாக வளர்ந்தார்கள். அவர்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரே பெரிய அமைப்பு அதுதான்: பதவி வரிசை, ஊருக்கு ஊர் கிளை, கடிதம், கூட்டம். அந்தச் சட்டகத்தை எடுத்து, சிதறிப்போன மக்களை இணைக்கவும் இறுதிச்சடங்குகளுக்கு ஆள் சேர்க்கவும் நொடித்தவருக்கு உதவவும் பயன்படுத்தினார்கள். இதை அடிமை மனநிலை என்று நான் சொல்ல மாட்டேன்.

1923-ல் நாடு கடந்த நிலையில் சாமுவேல் மஹாரெரோ இறந்தார். உடல் ஒகஹன்ஜாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆகஸ்ட் 23 அன்று தந்தை மஹாரெரோவும் பாட்டன் ட்ஜமுவாஹாவும் கிடக்கும் இடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். ஒதுருப்பா அணிகள் ஆயிரக்கணக்கானோருக்கு முன்னே நடந்தன. அணைந்திருந்த நெருப்புகளைப் பலர் அதன் பிறகு மீண்டும் ஏற்றினார்கள். ஆகஸ்ட் ஊர்வலம் அந்த அடக்கத்தின் நினைவு நாள். சிவப்பு ஒகஹன்ஜாவின் மஹாரெரோ வழியினரின் நிறம், வெள்ளை ஒமருருவின் செராவுவா வழியினருடையது, பச்சை கிழக்கின் ம்பண்டேரு மக்களுடையது. 1955-ல் ரைனிஷ் மிஷனிலிருந்து பிரிந்து ஒருவானோ என்ற சொந்தத் திருச்சபையையும் கண்டார்கள்.

உடலிலும் காயம் தங்கியது. முகாம்களிலும் ரயில்பாதை வேலையிடங்களிலும் பெண்கள் மீது நடந்த வன்முறையோடு பாலியல் நோய்களும் பரவின. பல பத்தாண்டுகளுக்கு ஹெரெரோக்களிடையே பிறப்பு மிகக் குறைவாகவே இருந்தது. இனமே தற்கொலை செய்துகொள்கிறது என்றுகூட வெள்ளையர்கள் எழுதினார்கள். போட்ஸ்வானா ஹெரெரோக்களிடம் பின்னர் நடந்த மக்கள்தொகை ஆய்வுகள் காரணத்தைத் தெளிவாக்கின: நோயால் வந்த மலடு. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வந்த பின் பிறப்பு ஏறியது.

நிலத்துக்கு வருகிறேன். பறித்த நிலத்தைத் தென்னாப்பிரிக்கா திருப்பித் தரவில்லை, வெள்ளையர்களைக் குடியேற்றியது. ஹெரெரோக்களுக்கு 1920-களில் ஒதுக்கிய இடங்களில் பெரியவை, எப்புகிரோ, அமினுயிஸ், வாட்டர்பெர்க் கிழக்கு, எல்லாம் ஓமாஹெக்கே மணலின் ஓரம். ஆழ்துளைக் கிணறு போட்டால் மாடு வாழும், ஆனால் அந்த மண்ணில் பாஸ்பரஸ் குறைவு. பற்றாக்குறையில் மாடு காட்டில் கிடக்கும் எலும்பைக் கடிக்கும், அழுகிய எலும்பிலிருந்து பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வந்து கால் இழுத்துச் சாகும். தடுக்க உப்போடு பாஸ்பேட் கலந்து நக்க வைக்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும். இரண்டுக்கும் காசு வேண்டும். கிஃப்பிளார் என்ற நச்சுச்செடி வேறு, புல் முளைக்குமுன் பச்சையாகத் தளிர்த்து மாட்டை இழுக்கும். பாட்டன் காலத்தில் பஞ்சத்தில் மட்டும் தேடிப் போகக்கூடிய மண், பேரனுக்கு நிரந்தர வீடானது. 2018-ல் வந்த அரசுப் புள்ளிவிவரப்படி பட்டா நிலமாக உள்ள விவசாய நிலத்தில் சுமார் 70 சதவீதம் முன்பு சலுகை பெற்றிருந்தவர்களிடம், அதாவது வெள்ளையர்களிடம் இருக்கிறது. மிகைப்படுத்தலா என்று கேட்டீர்கள். இதுதான் என் பதில்.

2021 மே மாதம் ஜெர்மனி, இன்றைய பார்வையில் இது இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டு, 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாக அறிவித்தது. "இன்றைய பார்வையில்" என்ற சொல் தற்செயலாக விழவில்லை. 1948-ன் ஐ.நா. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கைக்கு முன் நடந்ததற்குச் சட்டப் பொறுப்பு இல்லை என்ற நிலைப்பாடு அதற்குள் இருக்கிறது, இழப்பீடு என்ற சொல்லையும் அவர்கள் தவிர்த்தார்கள். பேச்சு இரண்டு அரசுகளுக்கிடையே நடந்தது. ஹெரெரோ, நாமா மரபுத் தலைமைகளில் முக்கியமானவை அதை ஏற்கவில்லை, 2023-ல் நமீபிய உயர் நீதிமன்றத்துக்குப் போயின. பணத்தின் பெரும்பகுதி நமீபியாவின் ஏழு மாகாணங்களில் வளர்ச்சித் திட்டங்களுக்கு என்று எழுதப்பட்டிருக்கிறது. 1904-ல் ஓமாஹெக்கேயைக் கடந்து உயிர் தப்பியவர்களின் வழிவந்தவர்களில் பலர் அந்த ஏழு மாகாணங்களிலும் இல்லை. அவர்கள் இன்றும் போட்ஸ்வானாவில், மஹாலாப்பியேயிலும் ங்காமி பகுதியிலும் மாடு மேய்க்கிறார்கள்.