மாவுக்கட்டும் கிட்டியும்

அன்புள்ள ஐயா,

லாக்கப் அடி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அடிப்பது தவறுதான். ஆனால் யாரோ ஒரு ஏட்டு செய்வதற்கு மேலதிகாரிகளையும் அரசையும் எப்படிக் குற்றம் சொல்ல முடியும்? அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாமே?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

சென்னை ராஜதானியில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரித்த கமிஷன் 1855-ல் தன் அறிக்கையைக் கொடுத்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். 1,959 புகார்கள் வந்தன. நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வந்து சொன்னவர்களும் உண்டு.

அவர்களில் கிஸ்தி, அதாவது நிலவரி, பாக்கிக்காக வதைபட்ட விவசாயிகள் ஏராளம். அவர்களை வதைத்த கருவிகளில் ஒன்று கிட்டி. இரண்டு கட்டைகள், ஒரு முனையில் சேர்த்துக் கட்டியிருக்கும். நடுவில் விரல்களைக் கொடுத்து மறுமுனையை அழுத்துவார்கள், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி. வரி வசூல், போலீஸ் இரண்டும் அன்று தாசில்தார் கையில்தான்.

சித்திரவதை உண்மை என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. அப்புறம் எழுதியதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கொடுமை செய்வது உள்ளூர்ச் சிப்பந்திகள், ஜனங்களின் முறையீடும் அவர்கள் மேல்தான், வெள்ளைக்கார அதிகாரிகள் மேல் இல்லை என்று முடித்துவிட்டார்கள். கிஸ்திப் பணம் மட்டும் கலெக்டர் கஜானாவுக்கு வந்துகொண்டே இருந்தது. பயிர் காய்ந்த ஊரிலிருந்து பணம் எப்படி வந்தது என்று கேட்க வேண்டியவர் கலெக்டர். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்தால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் வசூல் குறையும். அதனால் கேட்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, இன்றைக்கு வருவோம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது என்றது 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. 2023-ல் வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்கு அப்போதே தெரியும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-ல் இந்தியா கையெழுத்துப் போட்டது. அதை உறுதிசெய்து தனிச் சட்டம் கொண்டுவர இன்னும் மனம் வரவில்லை.

கையில் மாவுக்கட்டோடு ஒருவன் நிற்கிற போட்டோ வாட்ஸப்பில் வரும். பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று கூடவே செய்தியும் வரும். உங்களுக்கும் வந்திருக்கும். நீங்கள் நம்பினீர்களா? டீக்கடையில் அதைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட நம்பியிருக்க மாட்டார். அந்த டீக்கடைக்குத் தெரிந்தது மேலதிகாரிக்குத் தெரியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, செந்தில்.