12 மெகாபிட் வேகம் கிடைக்கும்போது, 31.25 கிலோபிட் ஃபீல்ட்பஸ்ஸை வேதி ஆலைகள் ஏன் இன்னும் வைத்திருக்கின்றன?

ஆலையில் உள்ள பல கருவிகளை ஒரே கேபிளில் கட்டுப்பாட்டு அமைப்போடு இணைக்கும் தகவல் இணைப்பே ஃபீல்ட்பஸ். அதன் ஒரு வகையான புரொஃபிபஸ் டிபி விநாடிக்கு 12 மெகாபிட் வரை செல்கிறது, அப்படியிருக்க, 31.25 கிலோபிட்டைத் தாண்டாத ஃபவுண்டேஷன் ஃபீல்ட்பஸ் எச்1-ஐயும் புரொஃபிபஸ் பிஏ-வையும் வேதி ஆலைகள் ஏன் இன்னும் கைவிடவில்லை என்பது உங்கள் கேள்வி. கருவியியல் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் குறைந்த வேகம் தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டது, அது செய்ய வேண்டிய வேலைக்குப் போதுமானது.

டிபி ஆர்எஸ்-485 என்ற மின் இணைப்புத் தரநிலையின் மேல் ஓடுகிறது. 12 மெகாபிட் வேகத்தில் ஒரு செக்மென்ட்டின் (தொடர்ச்சியான ஒரு கேபிள் பகுதியின்) நீளம் 100 மீட்டரோடு முடிந்துவிடும். 1,200 மீட்டர் வேண்டுமானால் 93.75 கிலோபிட்டுக்கு இறங்கியாக வேண்டும். அந்த இரு கம்பிகளும் தகவலை மட்டுமே சுமப்பதால், ஒவ்வொரு கருவிக்கும் மின்சாரத்தைத் தனியாகக் கொண்டுபோக வேண்டும். மோட்டார் டிரைவ்களும் சிக்னல்களைத் திரட்டும் ரிமோட் ஐ/ஓ பெட்டிகளும் நெருக்கமாக நிற்கும் உற்பத்தி வரிசைக்கு இது மிகப் பொருத்தமானது. எரியக்கூடிய ஆவி சூழ்ந்த ஒரு வடிப்புக் கோபுரத்தின் உச்சியில், கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அழுத்தத்தை அளந்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டருக்கு இது பொருந்தாது.

எச்1, பிஏ ஆகிய இரண்டும் ஐஇசி 61158-2 தரநிலையின் ஒரே இயற்பியல் அடுக்கைப் பகிர்ந்துகொள்கின்றன. கருவி தன் மின்னோட்டத்தைச் சிறிதளவு கூட்டியும் குறைத்தும் தகவலை அனுப்புகிறது. மான்செஸ்டர் குறியீட்டில் இந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், கருவிகளுக்காக அதே கம்பியில் செல்லும் நேர்மின்சாரம் (டிசி) பாதிக்கப்படுவதில்லை. ஒரு பிட்டுக்கு 32 மைக்ரோவிநாடி ஆகிறது. ஒரு பெரிய தொட்டியின் வெப்பநிலை மாறுவதற்கு நிமிடங்கள் ஆகும் என்பதையும், பெரும்பாலான ஓட்டக் கட்டுப்பாடுகளுக்கு விநாடிக்கு ஒரு புதிய அளவீடு போதும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், இங்கே மெகாபிட் வேகத்தால் கட்டுப்பாட்டின் தரம் உயரப் போவதில்லை.

உண்மையான நெருக்கடி மின்னழுத்தக் கணக்கில்தான் இருக்கிறது. தரநிலை 1,900 மீட்டர் வரை அனுமதிப்பதாகப் படித்துவிட்டு, எத்தனை கருவிகளை வேண்டுமானாலும் அந்தத் தூரத்தில் மாட்டலாம் என்று கருதுபவர்கள் நிறைய. இதற்கு வழக்கமாகப் பயன்படும் வகை ஏ கேபிளில் போகவும் வரவும் சேர்த்து ஒரு கிலோமீட்டருக்கு 44 ஓம் மின்தடை உண்டு. தலா 20 மில்லியாம்பியர் எடுக்கும் 12 கருவிகள் கோட்டின் கடைசியில் இருந்தால் மொத்தம் 240 மில்லியாம்பியர். ஒரு கிலோமீட்டரில் சுமார் 10.6 வோல்ட் கம்பியிலேயே இழக்கப்படும். 24 வோல்ட்டில் தொடங்கினால் 13.4 வோல்ட் மிஞ்சும். கருவிக்குக் குறைந்தது 9 வோல்ட் போதும் என்பதால் இது ஓடும். இதையே 1,900 மீட்டருக்கு நீட்டினால் இழப்பு 20 வோல்ட், மிஞ்சுவது 4 வோல்ட், ஒரு கருவியும் எழுந்திருக்காது. வடிவமைப்புக் கட்டத்திலேயே இந்தக் கணக்கை ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் போட்டு, பின்னாளில் சேரக்கூடிய கருவிகளுக்கும் இடம் விட்டுவைப்பதை நான் கட்டாயமாகக் கருதுகிறேன்.

எச்1-இல் நான் மிகவும் மதிக்கும் அம்சம் அதன் கால அட்டவணை. லிங்க் ஆக்டிவ் ஷெட்யூலர் என்ற ஒரு பொறுப்பாளர் யார் எப்போது பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்துவைத்து, தன் முறை வந்த கருவியை மட்டும் பேசச் சொல்கிறது. டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும் ஏஐ (அனலாக் இன்புட்) பிளாக் என்ற மென்பொருள் பகுதி அளவீட்டை வெளியிட, அதே செக்மென்ட்டில் வால்வின் திறப்பை அமைக்கும் பொசிஷனருக்குள் ஓடும் பிஐடி பிளாக் என்ற கட்டுப்பாட்டுக் கணக்கு அதை நேரடியாக எடுத்துக்கொண்டு வால்வை நகர்த்துகிறது. செக்மென்ட்டுக்கு மின்சாரம் இருந்து, மாற்று ஷெட்யூலரும் அமைக்கப்பட்டிருந்தால், கட்டுப்பாட்டு அறையில் உள்ள கண்ட்ரோலர் நின்றுபோனாலும் அந்தக் கட்டுப்பாட்டு லூப் தொடர்ந்து ஓடும். ஒவ்வொரு அளவீட்டோடும் அது நல்லதா, ஐயத்துக்குரியதா, கெட்டதா என்ற தகுதிநிலையும் சேர்ந்து வருகிறது. அளவீட்டை மின்னோட்டத்தின் அளவாகவே அனுப்பும் 4-20 மில்லியாம்பியர் முறையில் 12 மில்லியாம்பியர் வந்தால் அது சரியான அளவீடா, பழுதடைந்த சென்சார் தருவதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிஏ-விலும் இந்தத் தகுதிநிலை உண்டு. ஆனால் அங்கே கட்டுப்பாட்டுக் கணக்கு வழக்கமாக மேலே உள்ள பிஎல்சி அல்லது டிசிஎஸ் என்ற கட்டுப்பாட்டுக் கணினியில்தான் நடக்கிறது.

இனி நடைமுறையில் தொல்லை தரும் ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும்: டெர்மினேட்டர். 100 ஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராக இணைந்து, சிக்னல் முனையில் எதிரொலிக்காமல் தடுக்கும் இந்தச் சிறு பாகம் கோட்டின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று, மொத்தம் இரண்டே இரண்டு இருக்க வேண்டும். அப்போது சிக்னல் பார்க்கும் மின்தடை 50 ஓம். 18 மில்லியாம்பியர் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 900 மில்லிவோல்ட்டாகத் தெரியும். ஜங்ஷன் பாக்ஸுக்குள்ளேயே டெர்மினேட்டரும் அதற்கொரு சுவிட்சும் இருப்பது வழக்கம். கோட்டின் நடுவே புதிய பாக்ஸ் ஒன்றைச் சேர்க்கும்போது அந்த சுவிட்சைக் கவனிக்காமல் விட்டால் மூன்றாவது டெர்மினேட்டர் நுழைந்து, சிக்னல் 600 மில்லிவோல்ட்டுக்கு இறங்கிவிடும். அப்போதும் எல்லாக் கருவிகளும் பேசிக்கொண்டுதான் இருக்கும், ஏனெனில் 150 மில்லிவோல்ட் வரை புரிந்துகொள்ளும் திறன் அவற்றுக்கு உண்டு. பிறகு ஒருநாள் கேபிள் நுழைவாயில் வழியாக ஈரம் புகுந்து இரைச்சல் கூடும்போது இரண்டு மூன்று கருவிகள் விட்டுவிட்டு மறையத் தொடங்கும். பழியோ கருவியின் மேல் விழும். அதனால் புதிய செக்மென்ட்டை ஏற்கும் நாளிலேயே சிக்னல் அளவு, இரைச்சல், ஷீல்டுக்கும் கம்பிக்கும் இடையிலான மின்தடை ஆகியவற்றை அளந்து எழுதிவைக்கச் சொல்வேன். பழுது வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.

சில பத்து அளவீடுகள் மட்டுமே உள்ள சிறு ஆலைக்கு ஹார்ட் (HART) என்ற முறை போதும் என்பேன். 4-20 மில்லியாம்பியர் அப்படியே இருக்க, அதன் மேல் விநாடிக்கு 1,200 பிட் வேகத்தில் கருவியின் அமைப்புகளையும் பழுதுத் தகவல்களையும் படித்துக்கொள்ளலாம்.

வேகமும் சேர்ந்தே வேண்டும் என்பவர்களுக்கு இப்போது ஈதர்நெட்-ஏபிஎல் இருக்கிறது. 2019-இல் வந்த ஐஇஇஇ 802.3சிஜி தரநிலையின் மேல் அமைந்த இது, 10 மெகாபிட் வேகத்தையும் கருவிக்கான மின்சாரத்தையும் இரண்டே கம்பிகளில் கொண்டுசெல்கிறது. டிரங்க் எனும் முதன்மைக் கேபிள் 1,000 மீட்டர் வரையும் ஸ்பர் எனும் கிளைக் கேபிள் 200 மீட்டர் வரையும் போகலாம், அபாயப் பகுதிக்கும் ஏற்றது. அதற்குப் பரிந்துரைக்கப்படும் கேபிளும் மேலே சொன்ன அதே வகை ஏ கேபிள்தான். ஆகவே எச்1 அல்லது பிஏ நன்றாக ஓடும் ஆலையில் இப்போதே எதையும் பிடுங்கிப்போட வேண்டியதில்லை; கேபிள்களை நல்ல நிலையில் வைத்திருந்தால், பின்னாளில் கருவிகளையும் பெட்டிகளையும் மாற்றி, சோதனையில் தேறிய பழைய கேபிள்களிலேயே புதியதை ஓட்டும் வாய்ப்பு திறந்தே இருக்கும்.