சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: குப்பம் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. பரீட்சைப் பிரிவு ஊழியர்களுக்கு எக்செல் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. வகுப்பில் புரிகிறது என்கிறார்கள். சீட்டுக்குப் போனதும் மறந்துவிடுகிறார்கள். ஒரு ஏஜென்ட், மூன்று நாள் வகுப்பு, சான்றிதழும் உண்டு என்கிறார். சேர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. எந்த ஆபீஸுக்குப் போனாலும் இந்த ஏஜென்ட்டுகள் காட்டுவது ஒரே ஸ்லைடுதான். சார்ட், கலர், ஷார்ட்கட் கீ என்று மூன்று நாளும் ஓடிவிடும். அந்தச் சான்றிதழ் பதவி உயர்வுக்குச் செல்லும் என்று சொன்னால் நம்பாதீர்கள். எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவு எழுத்தில் உறுதி தராமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

அவரவர் சீட்டில் ஓடும் ஃபைலின் நகலை வைத்தே கற்றுக்கொடுங்கள். முக்கால் மணி நேரம், ஒரே வேலை. மவுஸ் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

முதல் பாடம் ஹால் டிக்கெட் எண். சிஎஸ்வி ஃபைலை (கமா போட்டுப் பிரித்த சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்) டபுள் கிளிக் செய்து திறந்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணாக வைத்துக்கொள்ளும். பிறகு டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றினாலும் போனது திரும்பாது. அதனால் காலி ஷீட்டில் டேட்டா மெனுவில் உள்ள ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாக உள்ளே எடுக்க வேண்டும். ஃபைல் ஆரிஜினில் 65001 யூடிஎஃப்-8 கொடுத்தால் தமிழ், தெலுங்குப் பெயர்கள் சிதையாது. டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவில் அந்த எண் உள்ள நெடுவரிசையை மட்டும் டெக்ஸ்ட் ஆக்குங்கள். அப்போது ஒரு கேள்வி வரும். ‘ரீப்ளேஸ் கரன்ட்’ என்றே அழுத்த வேண்டும். மற்றதை அழுத்தினால், எண்ணாக மாறிப் பூஜ்யம் போன பிறகுதான் அது டெக்ஸ்ட் ஆகும். மார்க் நெடுவரிசையைத் தொடாதீர்கள். அதுவும் டெக்ஸ்ட் ஆனால் கூட்டல் 0 காட்டும்.

அடுத்தது விலுக்அப், அதாவது ஓர் எண்ணைக் கொடுத்தால் பட்டியலில் அதற்குரிய விவரத்தைத் தேடி எடுக்கும் ஃபார்முலா. நான்காவது இடத்தில் ஃபால்ஸ் போடாவிட்டால் ஒரு மாணவரின் மார்க் இன்னொருவருக்குப் போகலாம், எச்சரிக்கையும் வராது. இந்தத் தப்பை நகலில் வேண்டுமென்றே செய்துகாட்டுங்கள்.

இலவசப் பாடம் வேண்டுமானால், மும்பை ஐஐடி உருவாக்கிய ஸ்போக்கன் டுடோரியலில் லிப்ரே ஆபீஸ் கால்க் (எக்செல் போன்ற இலவச மென்பொருள்) பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன.

பயிற்சி கொடுத்தோம் என்று ரிப்போர்ட் அனுப்பிய கையோடு, கற்றவரை வேறு பிரிவுக்கு மாற்றுகிறார்களே, அதுதான் பெரிய அநியாயம். மாற்றல் வருவதற்குள், ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு பேரைத் தயார்செய்துவிடுங்கள்.