கிளவ்வை எடுத்து வைக்கச் சொன்னது யார்?

கேள்வி: நான் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் பழைய ரசிகன். பேஸ்பால் சீசன் முடிந்தால் எங்கள் நண்பர் வட்டத்தில் ட்ரேட் பேச்சுதான், அதாவது வீரர்களை அணிகள் கைமாற்றிக்கொள்வது. யாரை விற்கலாம், யாரை எந்த இடத்துக்கு மாற்றலாம் என்று சண்டையே நடக்கும். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு (ஓட்டக்காரன் தொட வேண்டிய மூலைகள்) நடுவில் நின்று ஷார்ட்ஸ்டாப் ஆடுகிறவன் எங்கே விட்டாலும் ஆடுவான், முதல் பேஸில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது என் கட்சி. 31 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்ட எங்கள் மூன்றாம் பேஸ் வீரர் ரஃபேல் டிவேர்ஸ், முதல் பேஸுக்குப் போக மாட்டேன் என்றது திமிர் இல்லாமல் வேறென்ன? மூக்கி பெட்ஸ் மாதிரி சூப்பர் ஸ்டாரே சொன்ன இடத்தில் நிற்கிறாரே! டிவேர்ஸை விற்றது சரிதான் என்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(மாசசூசெட்ஸ் வாசகர்)

பதில்: பெட்ஸை உதாரணம் காட்டும் உரிமை வேறு எந்த ஊர் ரசிகருக்கு இருந்தாலும் உங்களுக்கு இல்லை. அவரை 2020 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குத் தள்ளிவிட்டதே உங்கள் அணிதான். ஒப்பந்தம் முடிய ஓர் ஆண்டு பாக்கி இருந்தது. அவர் எதிர்பார்த்த தொகையைத் தர நிர்வாகத்துக்கு மனமில்லை, சம்பளப் பட்டியல் எகிறினால் கட்ட வேண்டிய சொகுசு வரி வேறு பயமுறுத்தியது. பந்து வீசும் பிட்சர் டேவிட் பிரைஸையும் சேர்த்து அனுப்பிவிட்டு, பதிலுக்கு அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் என்று மூன்று பேரை வாங்கினார்கள். டவுன்ஸை 2022 டிசம்பரில் கழற்றிவிட்டார்கள். வெர்டூகோவை அடுத்த டிசம்பரில் உங்கள் பரம எதிரி நியூயார்க் யாங்கீஸுக்கே கொடுத்தார்கள். பெட்ஸ் இதற்குள் 2020, 2024, 2025 என்று மூன்று உலகத் தொடர் (சீசனின் இறுதிப் போட்டி) கோப்பைகளை டாட்ஜர்ஸுக்காக வென்றுவிட்டார். இப்போது அவர் பெயரைச் சொல்லி இன்னொருவரைத் திட்டுகிறீர்கள். நல்ல நியாயம்!

சரி, பெட்ஸ் இடம் மாறியது உண்மைதான். எப்படி மாறினார் என்று பார்ப்போம். 2011இல் பாஸ்டன் அவரைத் தேர்ந்தெடுத்தபோதே அவர் பேஸ்கள் இருக்கும் உள்வட்டத்தில் நிற்கும் ஆள். இரண்டாம் பேஸில் டஸ்டின் பெட்ராய்யா அசைக்க முடியாமல் நின்றதால்தான் 2014இல் அதற்குப் பின்னால் இருக்கும் வெளிவட்டத்துக்குப் போனார். போன இடத்தில் ரைட் ஃபீல்டில், அதாவது வெளிவட்டத்தின் வலப்பக்கத்தில், ஆறு கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டிங் விருது) வாங்கினார், அது அவர் திறமை. ஆகவே 2024இல் ஷார்ட்ஸ்டாப் என்றதும் அவருக்கு அது பாதி தெரிந்த வீடு. அப்படியும் முதல் முறை சிரமப்பட்டார். அந்த மார்ச்சில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, ஷார்ட்ஸ்டாப்புக்கு வைத்திருந்த கேவின் லக்ஸின் எறிதல் சரிப்படவில்லை என்று பெட்ஸை அங்கே நிறுத்தினார்கள். அவர் எறிந்த பந்துகளும் அடிக்கடி தவறிப் போயின. ஜூனில் கை எலும்பு முறிந்தது, ஆகஸ்டில் திரும்பி வந்தவர் ரைட் ஃபீல்டுக்கே போனார். அடுத்த முறை டாட்ஜர்ஸ் புத்தியோடு நடந்துகொண்டார்கள். நவம்பரிலேயே அடுத்த வருடம் நீ உள்வட்டம் என்று சொல்லிவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க ஷார்ட்ஸ்டாப் பயிற்சி எடுத்தார். 2025இல் அந்த இடத்துக்கான கோல்ட் கிளவ் இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

டிவேர்ஸுக்கு உங்கள் அணி கொடுத்த அவகாசம் எவ்வளவு? 2023 ஜனவரியில் பத்து ஆண்டுக்கு 31.35 கோடி டாலர் ஒப்பந்தம். மூன்றாம் பேஸ் உனக்குத்தான் என்று அப்போது பேசினார்கள் என்பது அவர் தரப்பு. அப்படிப் பேசிய நிர்வாகம் அதே ஆண்டில் மாறிவிட்டது. 2025 பிப்ரவரியில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், அலெக்ஸ் பிரெக்மனை மூன்று ஆண்டுக்கு 12 கோடி டாலர் கொடுத்து அழைத்து வந்தார்கள். அவரும் மூன்றாம் பேஸ். டிவேர்ஸ் முதலில் முறைத்தார், பிறகு இறங்கி வந்து, பேட் மட்டும் பிடிக்கும் டிஎச் ஆனார். சீசனின் முதல் சில ஆட்டங்களில் பந்தே படாமல் தடுமாறினார், அப்புறம் பழைய அடி திரும்பியது. மே 2 அன்று முதல் பேஸ் ஆடிய ட்ரிஸ்டன் கசாஸின் முழங்கால் தசைநார் அறுந்தது. உடனே டிவேர்ஸிடம் முதல் பேஸுக்குப் போகிறாயா என்று கேட்டார்கள். பயிற்சி முகாமில் கிளவ்வை (ஃபீல்டிங் கையுறை) எடுத்து வை, இனி அதற்கு வேலையில்லை என்றார்கள், இப்போது இன்னொரு இடம் கற்றுக்கொள் என்கிறார்களே என்று அவர் பத்திரிகையாளர்களிடமே கொட்டித் தீர்த்தார்.

அதைப் பொதுவெளியில் சொல்லியிருக்க வேண்டாம், அதில் உங்களோடு உடன்படுகிறேன். சக வீரன் காலொடிந்து கிடக்கும்போது நான் முயற்சி பண்ணிப் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரே அவர் பக்கம் நின்றிருக்கும். ஆனால் பிடிவாதக்காரர் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். திமிர் என்று சொல்வதற்கு முன்னால், மூன்று மாதத்துக்குள் ஒரே ஆளிடம் இரண்டு விதமாகப் பேசியவர்களையும் பாருங்கள். அணியின் உரிமையாளர் ஜான் ஹென்றி, வீரரைச் சமாதானப்படுத்தக் கன்சாஸ் சிட்டிக்கே விமானம் ஏறிப் போக வேண்டி வந்தது. குளிர்காலத்தில் ஒருமுறை உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தப் பயணம் தேவைப்பட்டிருக்காது.

முதல் பேஸில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்கிறீர்கள். நிற்கலாம், ஆடுவதுதான் கஷ்டம். உள்வட்டத்தில் எங்கே பந்து உருண்டாலும் கடைசியில் அது முதல் பேஸுக்குத்தான் வந்து சேரும். குட்டையாக விழுந்து மண்ணில் குத்தி எழும்பும் எறிதலை ஒற்றைக் கையால் அள்ள வேண்டும், அதே நேரம் ஒரு கால் பேஸை விட்டு நகரக் கூடாது. ஓட்டக்காரன் பேஸில் இருந்தால் அவன் அடுத்த பேஸுக்கு நழுவி ஓடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் பேஸ்காரருக்கு இதெல்லாம் புதிது. அவர் பழகியது வேறு வேலை: பேட்டிலிருந்து சீறி வரும் பந்தை மறித்து, மைதானத்தின் குறுக்கே 127 அடி எறிவது. முதல் பேஸில் பந்து வரும் கோணம், சுழலும் திசை எல்லாமே தலைகீழ். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதம் முகாமில் மெதுவாகப் பழக வேண்டியதை, மே மாதம் நாற்பதாயிரம் பேர் முன்னால் பழகு என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

உங்கள் ஷார்ட்ஸ்டாப் கட்சியில் பாதி உண்மை இருக்கிறது. கஷ்டமான இடத்திலிருந்து எளிய இடத்துக்கு இறங்குவது பெரும்பாலும் நடக்கும். எர்னி பேங்க்ஸ் ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து முதல் பேஸுக்குப் போனார். கால் ரிப்கன் மூன்றாம் பேஸுக்கு நகர்ந்தார். ராபின் யவுன்ட் தோள் கெட்டதால் சென்டர் ஃபீல்டுக்குப் போய், இரண்டு இடத்திலும் எம்விபி (ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரர்) விருது வாங்கினார். எதிர்த் திசையில் ஏறுவதுதான் அரிது. 2012இல் டெட்ராய்ட் டைகர்ஸ் பிரின்ஸ் ஃபீல்டரை வாங்கியதும், முதல் பேஸில் இருந்த மிகேல் கப்ரேரா தானே முன்வந்து மூன்றாம் பேஸுக்குத் திரும்பினார். அந்த ஆண்டே 1967க்குப் பிறகு யாரும் தொடாத ட்ரிபிள் கிரவுனை (பேட்டிங் சராசரி, ஹோம் ரன், ஓட்டம் சேர்ப்பது மூன்றிலும் லீகில் முதலிடம்) வென்றார். அவருக்கும் செய்தி ஜனவரியிலேயே தெரியும், அதுவும் அவர் முன்பு ஆடிய இடம்தான். ஃபீல்டரை டெக்சஸுக்கு அனுப்பியதும் பழையபடி முதல் பேஸுக்கு வந்துவிட்டார்.

முடியாது என்று சொன்ன வீரரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அல்ஃபோன்சோ சோரியானோ கதையைக் கேளுங்கள். 2004 பிப்ரவரியில் யாங்கீஸ் அணி இவரைக் கொடுத்துத்தான் டெக்சஸ் ரேஞ்சர்ஸிடமிருந்து அலெக்ஸ் ராட்ரிகஸை வாங்கியது. அதற்குக் காரணம் ஒரு கூடைப்பந்து. யாங்கீஸின் மூன்றாம் பேஸ் ஏரன் பூன் ஜனவரியில் சும்மா கூடைப்பந்து ஆடப்போய் முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். அந்தக் காலியிடத்துக்கு, அப்போது லீகின் மிகச் சிறந்த ஷார்ட்ஸ்டாப்பான ராட்ரிகஸ் வந்தார். டெரெக் ஜீட்டர் ஷார்ட்ஸ்டாப்பில் இருந்ததால் வாய் பேசாமல் மூன்றாம் பேஸில் நின்றார். (ஜீட்டரைவிட அவர்தானே நல்ல ஷார்ட்ஸ்டாப் என்று நியூயார்க்கில் இன்றும் சண்டை போடலாம், ஆள் கிடைப்பார்கள்.)

சோரியானோ அப்படியில்லை. 2005 டிசம்பரில் அவரை டெக்சஸ் வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு விற்றது. அங்கே இரண்டாம் பேஸில் ஹோசே விட்ரோ இருந்தார். லெஃப்ட் ஃபீல்டுக்குப் போ என்றார்கள், போக மாட்டேன் என்றார். குளிர்காலம் முழுக்க இழுபறி. 2006 மார்ச்சில் ஃபுளோரிடா முகாமில் ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு அவர் பெயரை லெஃப்ட் ஃபீல்டில் எழுதி ஒட்டினார்கள். மற்றவர்கள் மைதானத்துக்கு ஓடினார்கள், அவர் வரவில்லை. தடைப் பட்டியலில் போடுவோம், சம்பளம் கிடையாது என்று நிர்வாகம் மிரட்டியது. இரண்டு நாளில் கிளவ்வை மாட்டிக்கொண்டு போய் நின்றார். அந்த ஆண்டு 46 ஹோம் ரன், 41 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), லெஃப்ட் ஃபீல்டிலிருந்து எறிந்தே 22 பேரை அவுட்டாக்க உதவினார். நவம்பரில் சிகாகோ கப்ஸ் எட்டு ஆண்டுக்கு 13.6 கோடி டாலர் கொடுத்து வாங்கியது, அதுவும் வெளிவட்ட வீரராக! பார்த்தீர்களா, மிரட்டினால் நடக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும். அங்கேயும் மாற்றம் சீசனுக்கு முன்னால் முடிந்தது, ஆட்டங்கள் நடுவில் இல்லை.

இன்னொரு விஷயமும் உங்கள் பேச்சு வட்டத்தில் வருவதில்லை என்று நினைக்கிறேன். அமெரிக்க பேஸ்பாலில் ட்ரேட் செய்யப் பெரும்பாலும் வீரரின் சம்மதம் வேண்டியதில்லை. 2025 நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு அனுப்பி சஞ்சு சாம்சனை வாங்கியபோது சென்னை ரசிகர்கள் எவ்வளவு புலம்பினார்கள்? ஆனால் ஐபிஎல்லில் வீரர் சரி என்றால்தான் கைமாற்றம். பேஸ்பாலில் பத்து ஆண்டு பெரிய லீகில் ஆடி, கடைசி ஐந்து ஆண்டு ஒரே அணியில் இருந்தவருக்குத்தான் மறுக்கும் உரிமை, அல்லது ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். அதுவும் சும்மா வரவில்லை. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃபிளட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றபோது, நான் வாங்கி விற்கும் சரக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. பத்தும் ஐந்தும் விதி அடுத்த ஆண்டு வந்தது, பிற்பாடு, ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற ஃப்ரீ ஏஜென்ட் முறையும் வந்தது. 2017 ஜூலையில் பெரிய லீகுக்கு வந்த டிவேர்ஸுக்கு அந்த விதி உதவாது. 2025 ஜூன் 15 அன்று யாங்கீஸை வென்ற ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்தார், அன்று மாலையே சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் வீரர் ஆனார். ஒரு மாதம் கழித்து அங்கே முதல் பேஸிலும் நின்றார்!

இனி, விற்றது சரியா? பணக்கணக்கில் சரி, மீதி இருந்த 25 கோடி டாலருக்கு மேற்பட்ட சுமையை ஜயன்ட்ஸ் அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆள் கணக்கில் கைக்கு வந்தது இரண்டு பிட்சர்கள், ஜோர்டன் ஹிக்ஸும் கைல் ஹாரிசனும், கூடவே இரண்டு இளைஞர்கள். அந்த இளைஞர்களில் ஒருவரான ஜேம்ஸ் டிப்ஸை ஒன்றரை மாதத்தில் டாட்ஜர்ஸிடம் கொடுத்து டஸ்டின் மேயை வாங்கினார்கள். ரெட் சாக்ஸ் ப்ளேஆஃப் போய் யாங்கீஸிடம் தோற்றது. ஜயன்ட்ஸ் 81 வெற்றி, 81 தோல்வி என்று வீட்டுக்குப் போனது. யாரும் மார்தட்ட இடமில்லை. எவருக்காக டிவேர்ஸை நகர்த்தினார்களோ அந்த பிரெக்மன், ஒப்பந்தத்தில் இருந்த வெளியேறும் உரிமையை அந்த நவம்பரிலேயே பயன்படுத்திக்கொண்டார். 2025 பிப்ரவரியில் உங்கள் அணியிடம் மூன்றாம் பேஸுக்கு இரண்டு நட்சத்திரங்கள் இருந்தார்கள், அதே ஆண்டு நவம்பரில் ஒப்பந்தத்தில் ஒருவரும் இல்லை.