போன வருடம் வேலை செய்த மருந்து இந்த வருடம் ஏன் வேலை செய்யவில்லை?

கொளத்தூரில் மொட்டைமாடியில் மோலி, கப்பி ஆகிய அலங்கார மீன்களை வளர்த்து விற்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: வாயில் வெள்ளைப் பஞ்சு, முதுகில் சேணம் போட்டமாதிரி வெளுப்பு, இரண்டே நாளில் தொட்டி காலி. போன வருடம் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துப் போட்டதும் நின்றதாம், இந்த முறை நிற்கவில்லை. மருந்து போலியா?

மருந்தைவிட முதலில் கிருமியைச் சந்தேகப்படுங்கள். நீங்கள் சொல்வது காலம்னாரிஸ் என்ற மீன் நோய் மாதிரி இருக்கிறது. பஞ்சு போலத் தெரிந்தாலும் பூஞ்சை இல்லை, பாக்டீரியா. 1922-இல் டேவிஸ் என்பவர் அமெரிக்காவில் இதை விவரித்தார். நெடுங்காலம் ஒரே இனமாகத்தான் கணக்கு வைத்திருந்தார்கள், மரபணுவைப் படித்தபோதுதான் உள்ளே நான்கு கூட்டம் இருப்பது தெரிந்தது, 2022-இல் நான்கையும் தனி இனங்களாகவே பிரித்துவிட்டார்கள் (ஒன்றுக்கு டேவிஸின் பெயர்). வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான், ஆனால் எந்த மீனை எவ்வளவு வேகமாகக் கொல்லும் என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். போதாததற்கு, மருந்தை எதிர்க்கும் மரபணுவை பாக்டீரியாக்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும். நாலு இடத்து மீனை ஒரே வலையால் பிடித்தால் நாலு இடத்துக் கிருமியும் சேர்ந்துதான் வரும். பாதி டோஸ் போட்டு, மீன் தெளிந்ததும் நிறுத்தியிருந்தால், பிழைத்த கிருமி எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, உங்கள் தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் அதிலுள்ள கால்சியம் டெட்ராசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து மீனுக்குப் போகாது. கடின நீரில் இந்தக் கிருமி செவுளில் நன்றாக ஒட்டவும் செய்யும். ஆக போலி மருந்து என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இப்போதைக்கு நோய்த் தொட்டிக்குத் தனி வலை, தனி பக்கெட். மோலியும் கப்பியும் உப்பைத் தாங்கும், லிட்டருக்கு 3 கிராம் வரை கல்லுப்பை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றலாம். வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செய்கிற மாதிரி ஹீட்டரை ஏற்றிவிடாதீர்கள், சூட்டில் காலம்னாரிஸ் இன்னும் வேகமெடுக்கும். சென்னை வெயிலே அதற்குத் தாராளம்.

வேறு ஆன்டிபயாடிக் வாங்கும் முன் பரிசோதனை செய்துவிடுங்கள். மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகத்தில் மீன் நோய் ஆய்வகம் இருக்கிறது, கேட்டுக்கொண்டு போங்கள். செத்த மீன் வேண்டாம், உயிரோடு தள்ளாடும் மீனை ஆக்சிஜன் பாக்கெட்டில் கொண்டுபோய், எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்ற சோதனையையும் கேளுங்கள். அப்புறம், காலம்னாரிஸ் சந்தேகம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆய்வகத்தில் கிருமி வளர்க்கிற, சத்து அதிகமான வழக்கமான ஊடகத்தில் இது சரியாக வளராது, தண்ணீரில் எப்போதும் இருக்கிற ஏரோமோனாஸ் என்ற வேறு பாக்டீரியா மட்டும் வளர்ந்து அதன் பெயரில் ரிப்போர்ட் வந்துவிடும்.